மூக்கைப் பெரிதாக்கும் முப்பது சென்டிமீட்டர்

முதலில் தரையைப் பாருங்கள். கேமரா, விளக்கு, சுவரில் தொங்கும் நீலத் துணி எல்லாவற்றையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தரையில் மஞ்சள் டேப்பில் இரண்டு பாத அடையாளங்கள். அங்கிருந்து அளந்து ஒட்டிய இன்னொரு கோடு. கோட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிய ஓர் எண். இந்த அறையில் விலைமதிக்க முடியாத பொருள் எது என்று கேட்டால், அந்த இரண்டு டேப்புகளுக்கும் நடுவில் கிடக்கும் வெறுந்தரையைத்தான் நான் காட்டுவேன்!

சென்னையில் முகமும் தாடையும் சீரமைக்கும் ஒரு மருத்துவமனையின் போட்டோ அறை இது. இரண்டு பேர் கையை விரித்தால் சுவர் இடிக்கும். உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தைகள், கீழ்த்தாடை முன்தள்ளி நிற்கும் கல்லூரிப் பிள்ளைகள், பைக்கிலிருந்து விழுந்து கன்ன எலும்பு நொறுங்கியவர்கள், ஒரு பக்க முகம் அசையாமல் போனவர்கள் எல்லோரும் அறுவைக்கு முன்னாலும் பின்னாலும் இங்கே வந்து உட்காருகிறார்கள். எடுக்கிற படம் ஆல்பத்துக்கு அல்ல, அளப்பதற்கு. இன்றைய படத்தில் மூக்கின் அகலம் இவ்வளவு, அடுத்த வருடப் படத்தில் இவ்வளவு என்று மருத்துவர் சொல்ல வேண்டும். அந்த வித்தியாசம் முகத்தில் நடந்ததா, கேமரா தள்ளி நின்றதால் வந்ததா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இத்தனை டேப்பும், இத்தனை பிடிவாதமும். உள்ளே போய் ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க எனக்கு உற்சாகம் கரைபுரண்டது. உங்களையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறேன், வாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. மூக்கு நுனிக்கும் காதுக்கும் முன்பின்னாக 12 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். கைபேசியை முகத்துக்கு 30 செ.மீ. முன்னால் நீட்டி செல்ஃபி எடுக்கிறீர்கள். லென்ஸிலிருந்து மூக்கு நுனி 30 செ.மீ., காது 42 செ.மீ. எட்ட இருப்பது சிறிதாகத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு சிறிதாக? 30-ஐ 42-ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.71. மூக்கோடு ஒப்பிட்டால் காது 29 விழுக்காடு சுருங்கிவிட்டது! இப்போது கேமராவை ஒன்றரை மீட்டர் தள்ளி வையுங்கள். 150-ஐ 162-ஆல் வகுத்தால் 0.93. சுருக்கம் ஏழு விழுக்காட்டுச் சொச்சம்தான். ஆள் அதே ஆள், மூக்கும் அதே மூக்கு. நடுவில் இருந்த காற்று மட்டும் கூடியிருக்கிறது.

இதைக் கணித மாதிரி போட்டே காட்டிவிட்டார்கள். 2018-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழக முக அறுவை மருத்துவர் போரிஸ் பாஸ்கோவரும் அவருடைய குழுவும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 12 அங்குலத்திலிருந்து எடுத்த படத்தில் மூக்கின் அடிப்பாகம் உண்மையைவிட ஆண்களுக்கு 30 விழுக்காடும் பெண்களுக்கு 29 விழுக்காடும் அகன்று தெரிகிறது. 5 அடி தூரத்துக்குப் போனால் அந்த வித்தியாசம் அநேகமாக மறைந்துவிடுகிறது என்பது அதன் சாரம். செல்ஃபியைக் காட்டி "என் மூக்கு இவ்வளவு பெருசா இருக்கு, சின்னதாக்குங்க டாக்டர்" என்று வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் வருத்தம் நிஜம். ஆனால் கத்தி வைக்க வேண்டிய இடம் மூக்கு இல்லை, கையை நீட்டிய தூரம்!

அந்த 5 அடி என்ற எண்ணைப் படித்ததும் நான் துள்ளினேன். காரணம், அதே எண் இதே துறைக்கு வேறொரு வாசல் வழியாக ஏற்கெனவே வந்திருக்கிறது. 1931-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாலி பிராட்பென்ட் என்ற பல்சீரமைப்பு மருத்துவர், தலையை அசையாமல் பிடித்து எக்ஸ்ரே எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். காதுத் துளைகளில் இரண்டு சின்னக் குச்சிகள் தலையை நிறுத்தும். எக்ஸ்ரே குழாய்க்கும் தலையின் நடுக்கோட்டுக்கும் தூரம் 5 அடி. பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டவர்கள் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கப் போனபோது காதில் குத்திய அந்தக் குச்சிகள் அவருடைய கொடைதான்.

அதற்கும் அரை நூற்றாண்டு முன்னால் பாரிசுக்குப் போக வேண்டும். காவல் துறையில் வேலை பார்த்த அல்போன்ஸ் பெர்த்தியோன், ஒருமுறை பிடிபட்டவன் பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி வந்தால் அடையாளம் காண்பது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். பழைய படங்கள் மலைபோல் குவிந்திருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரத்தில், ஒவ்வொரு வெளிச்சத்தில், ஒவ்வொரு கோணத்தில் எடுத்தவை. ஒன்றை ஒன்றோடு ஒப்பிடவே முடியாது. அவர் கேமராவின் தூரத்தை நிலைப்படுத்தினார். உட்காருவதற்கென்றே தனி நாற்காலி செய்தார். நேர் முகம் ஒன்று, பக்க முகம் ஒன்று, இரண்டும் நிஜ அளவில் ஏழில் ஒரு பங்கு என்று விதித்தார். 1890-இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். 1893-இல் அவருடைய ஆய்வகத்துக்குப் போன ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டனே அந்த முறைப்படி நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்துக்கொண்டார். அந்த அட்டை இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. குற்றவாளிக்காகப் பிறந்த அந்த ஒழுங்கு, உருமாறி, இன்று குழந்தையின் உதட்டை அளக்க உதவுகிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

இனி கேமராவுக்கு வரலாம். இங்கே ஒரு பெரிய தவறான நம்பிக்கையைப் போட்டு உடைக்க வேண்டும். "அகலக் கோண லென்ஸ் முகத்தைக் கெடுக்கும், நீள லென்ஸ் அழகாக்கும்" என்று படம் எடுக்கிறவர்களே சொல்வார்கள். ஒரே இடத்தில் நின்றுகொண்டு 50 மி.மீ. லென்ஸிலும் 100 மி.மீ. லென்ஸிலும் எடுத்து, முகத்தை மட்டும் வெட்டி ஒரே அளவாக்கிப் பாருங்கள். மூக்கும் காதும் ஒரே விகிதத்தில் இருக்கும். முகத்தின் விகிதத்தை மாற்றுவது நின்ற தூரம். குட்டை லென்ஸ் போட்டால் சட்டத்தை நிரப்ப நாம் கிட்டே போய்விடுகிறோம், அவ்வளவுதான். நீள லென்ஸின் புண்ணியம், நம்மைத் தள்ளி நிற்க வைப்பது.

ஆகவே மருத்துவப் போட்டோகிராபர்கள் விஷயத்தைத் திருப்பிப் போட்டார்கள். தூரத்தை அளந்துகொண்டிருப்பதற்குப் பதிலாக, லென்ஸ் வளையத்தில் உருப்பெருக்க விகிதத்தை ஒரே இடத்தில் நிறுத்திவிடுவது. முழு முகத்துக்கு 1:10. முழுச் சட்ட கேமராவின் சென்சார் 24-க்கு 36 மி.மீ.; பத்தால் பெருக்கினால் 24-க்கு 36 செ.மீ. முடியும் கழுத்துமாகத் தலை அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். 105 மி.மீ. லென்ஸாக இருந்தால் ஆள் தானாகவே சுமார் 1.15 மீட்டர் தள்ளி வந்துவிடுவார். 50 மி.மீ. போட்டிருந்தால் 55 செ.மீ.யில் மூச்சுக்காற்று படும் தூரத்துக்குப் போய்விடும். அதனால்தான் அது இந்த அறைக்குள் வருவதில்லை. எந்த விகிதம், எந்த லென்ஸ் என்பது அறைக்கு அறை மாறலாம். ஒரே அறையில் இன்றைக்கும் அடுத்த வருடத்துக்கும் நடுவே மாறக் கூடாது.

இப்போது ஓர் அற்புதக் காட்சி! விகிதத்தைப் பூட்டிய பிறகு போட்டோகிராபர் குவிய வளையத்தைத் தொடவே மாட்டார். ஆட்டோ ஃபோகஸ் அணைத்தாயிற்று. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு முழு உடம்பையும் முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்கிறார். இரண்டு விரல் முன்னே, ஒரு விரல் பின்னே. கண்ணிமை மயிர் ஊசிமுனையாகத் தெளியும் கணத்தில் விரல் அழுத்துகிறது. எத்தனை வருடப் பழக்கம் அது! லென்ஸ் அசையாமல் மனிதர் அசைவதைப் பார்த்தபோது கை தட்ட வேண்டும்போல் இருந்தது.

கேமரா நின்றுவிட்டது. முகம் நிற்க வேண்டுமே?

தலை ஒரு கழுத்தின் மேல் இருக்கிறது என்பதுதான் சிக்கல். தாடையைக் கொஞ்சம் இறக்கினால் இரட்டைத் தாடை வந்துவிடும். கொஞ்சம் உயர்த்தி முன்னே நீட்டினால் கழுத்துச் சதை காணாமல் போகும். "பன்னிரண்டே வாரத்தில்" என்று கத்தும் முன்–பின் விளம்பரப் படங்களை இனிமேல் உற்றுப் பாருங்கள். முன் படத்தில் தாடை கீழே, வெளிச்சம் தலைக்கு மேலே, முகம் வாடி. பின் படத்தில் தாடை மேலே, வெளிச்சம் எதிரே, உதட்டில் சிரிப்பு. அங்கே மருந்து எவ்வளவு வேலை செய்தது, கழுத்து எவ்வளவு வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அதைப் பார்த்தால் கோபம் வருகிறது.

தலையை நிறுத்த ஒரு கோடு உண்டு. 1882-இல் பிராங்க்பர்ட் நகரில் கூடிய ஜெர்மானிய மானிடவியலாளர்கள், மண்டையோடுகளை எல்லோரும் ஒரே மாதிரி வைத்து அளக்க ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். காதுத் துளையின் மேல் விளிம்பையும் கண்குழியின் கீழ் விளிம்பையும் சேர்க்கும் கோடு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். பிராங்க்பர்ட் தளம் என்று அதற்குப் பெயர். மண்டையோட்டுக்கு வகுத்த விதி, உயிரோடு மூச்சு விடுகிற முகத்துக்கும் வந்து சேர்ந்தது. கேமராவின் பார்வைக் கண்ணாடிக்குள் கட்டம் போட்டிருக்கிறார்கள்; ஒரு கிடைக்கோட்டில் காதையும் கண்ணுக்குக் கீழ் எலும்பையும் பொருத்திவிடுகிறார்கள்.

ஆனால் உயிருள்ளவர்கள் எல்லோரும் அந்தக் கோட்டில் இயல்பாக நிற்பதில்லை. சிலருக்குத் தலை சற்று அண்ணாந்தே இருக்கும், சிலருக்குச் சற்றுக் கவிழ்ந்து. அவர்களைக் கட்டாயப்படுத்திக் கோட்டுக்குள் அமுக்கினால், அவர்கள் முகம் அவர்களுடையதாக இருக்காது. இதைப் பற்றி மூரீஸ், கீன் என்ற ஆய்வாளர்கள் 1958-இல் எழுதினார்கள். சோலோ, தால்கிரன் என்ற இருவர் 1971-இல் எழுதினார்கள். தலை தன் இயல்பான நிலையைத் தானே கண்டுகொள்ளும் அந்த வழிமுறையை நேரில் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

"தம்பி, தலையை நல்லா முன்னாடி ஆட்டுங்க. இப்பப் பின்னாடி. இன்னும் கொஞ்சம் கம்மியா. இன்னும் கம்மியா. எங்க சௌகரியமா இருக்கோ அங்கயே விட்டுடுங்க."

பையன் ஆட்டுகிறான். பெரிய ஆட்டம் சின்னதாகி, சின்னது இன்னும் சின்னதாகி, ஓரிடத்தில் தலை தானாக நிற்கிறது. எதிரே சுவரில் கண் மட்டத்தில் ஒரு கண்ணாடி. "கண்ணாடியில உங்க கண்ணையே பாருங்க." அவ்வளவுதான்! உடம்பு தனக்குத் தெரிந்த சமநிலையைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. அடுத்த மாதம் வந்து மறுபடி ஆட்டினாலும் அநேகமாக அதே இடத்தில் வந்து நிற்கும்.

உதட்டுக்கும் ஒரு வித்தை இருக்கிறது. கேமராவைக் கண்டால் எல்லோரும் வாயை இறுக்குகிறார்கள். தாடை முன்தள்ளியவர்கள் பல வருடமாக அதை மறைத்துப் பழகியவர்கள். அவர்களுக்கே தெரியாமல் உதடு இழுத்து மூடிக்கொள்ளும். "எச்சில் முழுங்குங்க. 'ம்ம்'னு சொல்லுங்க. அப்படியே விட்டுடுங்க." விட்ட அந்த ஒரு நொடியில் உதடு தன் சொந்த இடத்துக்கு வருகிறது. மறைத்து வைத்ததைக் காட்டச் சொல்வது கடினமான வேலை. அதை இவ்வளவு சாதாரணக் குரலில் கேட்க முடிகிறதே என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது.

நகைக் கதை தனிக் கதை. ஜிமிக்கி, கம்மல் கழற்றியாக வேண்டும். காது மடல் தெரிய வேண்டும், உலோகத்தில் ஃபிளாஷ் பட்டு மின்னக் கூடாது. கண்மை துடைக்க வேண்டும். முடியை ஹேர்பேண்டு போட்டுக் காதுக்குப் பின்னே தள்ள வேண்டும். பொட்டை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் கேட்டபோது நான் அசந்துபோனேன். நெற்றியில் பொட்டு இருந்தால் பார்ப்பவர் கண் அதையே முகத்தின் நடுக்கோடாக எடுத்துக்கொள்ளும். பொட்டு 2 மி.மீ. விலகி ஒட்டியிருந்தால் நேரான மூக்கும் கோணலாகத் தோன்றும்! மூக்குத்திதான் பெரும்பாடு. "அம்மா, மூக்குத்தியக் கழட்டணும்மா" என்றால், "கல்யாணத்துல போட்டது தம்பி, திருகு அசையாது" என்று பதில் வரும். அப்போது வற்புறுத்துவதில்லை. பதிவேட்டில் "மூக்குத்தியோடு" என்று எழுதிவிடுவார்கள். அடுத்த முறையும் மூக்குத்தியோடுதான். தாலிக்கொடியைக் கழற்றச் சொல்வதே இல்லை, ரவிக்கைக்குள் இறக்கிக்கொண்டால் போதும். கடைசியாகத் தோளைச் சுற்றி ஒரு சாம்பல் துணி. மாம்பழ மஞ்சள் புடவையின் நிறம் தாடையின் அடியில் தெறித்துத் தோலையே மஞ்சளாகக் காட்டிவிடும் என்பதற்காக.

பிறகு கடகடவென்று படங்கள். நேர் முகம்: இரண்டு காதும் சம அளவு தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். பக்க முகம்: எதிர்ப்பக்கக் கண்ணிமை மயிர்கூட எட்டிப் பார்க்கக் கூடாது. முக்கால் முகம்: மூக்கு நுனி எதிர்க்கன்னத்தின் ஓரக்கோட்டைத் தொட வேண்டும். தலையை அண்ணாந்து கீழிருந்து எடுக்கும் படம்: மூக்கு நுனி புருவங்களுக்கு நடுவில் வந்து நிற்க வேண்டும். திரும்பும்போது கழுத்தை மட்டும் திருப்பக் கூடாது. சுழலும் ஸ்டூலில் தோளோடு முழு உடம்பும் திரும்ப வேண்டும். முக நரம்பு செயலிழந்தவர்களுக்கு இன்னொரு வரிசை இருக்கிறது: சும்மா இருப்பது, புருவம் தூக்குவது, கண்ணை மெல்ல மூடுவது, இறுக்கி மூடுவது, சின்னச் சிரிப்பு, பல் தெரியச் சிரிப்பு, விசில் அடிக்க உதட்டைக் குவிப்பது.

"காது சம அளவா தெரியணும்" என்ற அந்தப் பிடிவாதத்துக்குக் கணக்கு இருக்கிறது. தலை 5 பாகை திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்; கண்ணால் எளிதில் கவனிக்க முடியாத திருப்பம். முகத்தின் அகலம் அரை விழுக்காடுகூடக் குறையாது. அட, பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் மூக்கு நுனி கண்கள் இருக்கும் தளத்தைவிட 3 செ.மீ. முன்னே இருந்தால், அதே 5 பாகையில் அது கண்களின் நடுக்கோட்டிலிருந்து 2.6 மி.மீ. விலகித் தெரியும். மூக்குக் கோணலை நிமிர்த்த வந்தவருக்கு 2.6 மி.மீ. என்பது அறுவையின் மொத்தப் பலனாகவே இருக்கலாம். ஒரு சின்னக் கழுத்துத் திருப்பம் அதைக் கொடுத்துவிடும், அல்லது தின்றுவிடும்!

வெளிச்சம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு சாஃப்ட்பாக்ஸ், முகத்துக்கு இரு பக்கமும் 45 பாகையில், சம தூரத்தில். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் தழும்பு பள்ளமாகத் தெரியும், நேரே எதிரிலிருந்து அடித்தால் தழும்பே கரைந்துவிடும். இரண்டுமே பொய் சொல்லும். ஆளைப் பின்னணித் துணியிலிருந்து தள்ளி உட்கார வைத்தால் நிழல் துணியில் விழாது. நம் ஊர்த் தோலுக்கு ஒரு முக்கிய விஷயம்: வெள்ளைப் பின்னணியும் கேமராவின் தானியங்கி வெளிச்ச அளவும் சேர்ந்தால், கறுத்த முகம் இருளில் மூழ்கிவிடும், கறுப்புப் பின்னணி வைத்தால் முடி எங்கே முடிகிறது என்றே தெரியாது. அதனால்தான் நடுத்தர நீலமோ சாம்பலோ. வெளிச்சத்தைக் கையால் அமைத்துப் பூட்டிவிடுகிறார்கள். முதல் படத்தில் நோயாளி ஒரு நிற அட்டையைப் பிடித்துக்கொள்கிறார். 1976-இல் வந்த 24 கட்ட மாக்பெத் அட்டை. அதன் முதல் இரண்டு கட்டங்கள் கருந்தோலும் வெண்தோலும். தழும்பின் சிவப்பு தணிந்ததா என்று ஆறு மாதம் கழித்துப் பார்க்க அந்த அட்டைதான் சாட்சி.

இனி அளக்கும் மேசை. கணினியில் படத்தைத் திறந்து, கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் முகத்தில் புள்ளிகள் வைக்கிறார்கள்: மூக்கு வேர், மூக்கு நுனி, மூக்கடியும் மேலுதடும் சேரும் இடம், உதட்டு ஓரங்கள், தாடை நுனி. புள்ளி வைத்தவரே இரண்டு வாரம் கழித்து, பழையதைப் பார்க்காமல், மறுபடி வைத்துத் தன் கை எவ்வளவு தடுமாறுகிறது என்று கணக்கிட வேண்டும். அந்தத் தடுமாற்றத்தைவிடச் சின்ன மாற்றத்தை "முன்னேற்றம்" என்று எழுத உரிமை கிடையாது. இந்த நேர்மையை நான் மிகவும் நேசிக்கிறேன்.

சரி, படத்தில் இருக்கும் பிக்சலை மில்லிமீட்டராக்குவது எப்படி? நெற்றியில் ஒரு சின்ன அளவுகோலை ஒட்டலாமே என்பீர்கள். ஒட்டலாம், ஆனால் அது நெற்றியின் தளத்துக்கு மட்டும்தான் உண்மை பேசும். 1.1 மீட்டரில் எடுத்த படத்தில், அளவுகோலைவிட 12 செ.மீ. பின்னால் இருக்கும் 60 மி.மீ. காது, 54 மி.மீ. என்று காட்டும். அளவுகோல் முகத்தின் எந்த ஆழத்தில் இருக்கிறதோ அந்த ஆழத்தில் உள்ளதைத்தான் அதனால் அளக்க முடியும். தொராண்டோவில் பல்லாண்டுகள் முகங்களைக் கையாலேயே காலிப்பர் வைத்து அளந்த லெஸ்லி பார்க்காஸ், 1980-இல் நேரடி அளவுகளையும் படத்து அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். படத்திலிருந்து எடுத்த அளவுகளில் நம்பிக்கைக்கு உரியவை கொஞ்சம்தான் என்று தெரிந்தது. எதைப் படத்தில் அளக்கலாம், எதைத் தொட்டுத்தான் அளக்க வேண்டும் என்ற பட்டியல் அவருக்குப் பிறகுதான் துறையில் நிலைத்தது.

இந்த இடத்தில்தான் எனக்குப் பிடித்த ரகசியம் வருகிறது. உங்கள் கண்ணுக்குள்ளேயே ஓர் அளவுகோல் இருக்கிறது! கருவிழியின் குறுக்களவு மனிதருக்கு மனிதர் அவ்வளவாக மாறுவதில்லை, சராசரியாக 11.7 மி.மீ., கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர். முகமே ஒருவருக்கொருவர் இவ்வளவு மாறும்போது இந்தக் கறுப்பு வட்டம் மட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் கண்–காது மருத்துவமனையில் உருவான எமோட்ரிக்ஸ் என்ற மென்பொருள், கருவிழியை 11.77 மி.மீ. என்று எடுத்துக்கொண்டு, செயலிழந்த முகத்தில் உதட்டோரம் எத்தனை மில்லிமீட்டர் உயர்ந்தது என்று சொல்லிவிடுகிறது. கண்ணும் உதடும் ஏறத்தாழ முகத்தின் முன்பக்கத்திலேயே இருப்பதால் ஆழச் சிக்கலும் குறைவு. ஸ்டிக்கர் வேண்டாம், ஸ்கேல் வேண்டாம். நோயாளி நேரே பார்த்தால் போதும்.

முகத்தை அளப்பது சென்னைக்குப் புதிதில்லை. 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், காலிப்பரை எடுத்துக்கொண்டு தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்துகொண்டே இருந்தார். சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி அவர் ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அந்தக் காலத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி போன்ற அதிகாரிகள் மூக்கின் அகலத்தையும் சாதியின் படிநிலையையும் முடிச்சுப் போட்டார்கள். ஒருவர் மூக்கை இன்னொருவர் மூக்கோடு ஒப்பிட்டு, யார் மேல், யார் கீழ் என்று அடுக்கிய அளவு அது. இந்தச் சின்ன அறையின் அளவு வேறு. இங்கே ஒரு முகம் அதே முகத்தோடு மட்டும்தான் ஒப்பிடப்படுகிறது: போன வருடத்து நீங்கள், இந்த வருடத்து நீங்கள். கையெழுத்திட்டு அனுமதி கொடுத்த பிறகுதான் கேமராவே எழுகிறது. இந்த வேறுபாட்டை நான் கொண்டாடுகிறேன்.

பல பேர் முகங்களை அருகருகே வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. உதட்டுப் பிளவு அறுவையில் எந்த மையத்தின் முறை நல்ல பலன் தருகிறது என்று பார்க்க வேண்டுமே? அங்கே ஓர் அழகான தந்திரம் செய்தார்கள். 1991-இல் ஆஷர்–மக்டேட் குழுவினர் கொண்டுவந்த மதிப்பீட்டில், படத்தில் மூக்கும் மேலுதடும் தவிர மற்றதெல்லாம் வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். கண் இல்லை, சிரிப்பு இல்லை, சுருள் முடி இல்லை. மூக்கின் வடிவம், மூக்கின் கோணல், உதட்டுச் சிவப்பின் ஓரம், பக்கவாட்டுத் தோற்றம் என்று நான்குக்கும் ஐந்து புள்ளி அளவில் மதிப்பெண். ஏன் இப்படி? குழந்தையின் கண் அழகாக இருந்தால் பார்க்கிறவர் மனசு இளகி உதட்டுக்கும் சேர்த்து மதிப்பெண் போட்டுவிடுவார்! மனிதர் மனசை இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்டு வெட்டிய சட்டம் அது.

கண்ணை மறைப்பது பற்றி ஒரு விஷயத்தை உரக்கச் சொல்ல வேண்டும். பழைய மருத்துவப் புத்தகங்களில் நோயாளியின் கண்ணுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டை இழுத்திருப்பார்கள். ஆளை மறைத்துவிட்டோம் என்று நிம்மதி. தெரிந்தவர்கள் தாடையையும் காதையும் பார்த்தே "இது நம்ம பக்கத்து வீட்டுப் பொண்ணாச்சே" என்று சொல்லிவிடுவார்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழுவே, கண்ணை மட்டும் மறைப்பது போதுமான பாதுகாப்பு அல்ல என்று வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கிறது. நோயாளியிடம் எதற்கு எடுக்கிறோம், எங்கே வைப்போம், யார் பார்ப்பார்கள் என்று அவர் மொழியில் சொல்லி, சிகிச்சைக்கு மட்டுமா, பாடம் நடத்தவுமா, இதழில் போடவுமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். முதலாவதுக்குச் சரி என்றவர் மூன்றாவதுக்கு வேண்டாம் என்று சொல்ல முழு உரிமை உண்டு. மருத்துவரின் சொந்தக் கைபேசியில், பிள்ளையின் பிறந்தநாள் படத்துக்குப் பக்கத்தில், நோயாளியின் முகம் கிடக்கக் கூடாது.

பணம் உள்ள மையங்களில் இப்போது முப்பரிமாணக் கேமராக்கள் வந்துவிட்டன. பல கோணங்களிலிருந்து பல கேமராக்கள் ஒரே நேரத்தில் கண் சிமிட்டும். சில கருவிகளில் மொத்தப் படப்பிடிப்பும் ஒன்றரை மில்லி விநாடிதான்! தூரச் சிக்கல், ஆழச் சிக்கல் எல்லாம் கணக்குப் போட்டுத் தீர்க்கப்படுகிறது. நெளியும் கைக்குழந்தைக்கு இது வரம். இருந்தாலும் தாடியிலும் முடியிலும் பளபளப்பிலும் அது தடுமாறிப் படத்தில் ஓட்டை விடும். வேலையைத் தொடங்குமுன் கேமராக்களைச் சீர்பார்க்க வேண்டும். உதடு இறுகியிருந்தால் இறுகிய உதட்டைத்தான் அதுவும் மிகத் துல்லியமாக அளந்து கொடுக்கும். ஆகவே அங்கேயும் ஒருவர் நின்றுகொண்டு "எச்சில் முழுங்குங்க, 'ம்ம்'னு சொல்லுங்க, விட்டுடுங்க" என்று சொல்லியாக வேண்டும்.

ஊரிலிருந்து அடிக்கடி வர முடியாதவர்களிடம் மருத்துவர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு கோரிக்கை வந்தால், இந்த அறையில் கற்றதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களே எடுக்காதீர்கள், வீட்டில் யாரிடமாவது கைபேசியைக் கொடுங்கள். முன்பக்கக் கேமரா வேண்டாம், பின்பக்கக் கேமரா. எடுப்பவர் ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கட்டும். முகம் சின்னதாகத் தெரிந்தால் கிட்டே வராமல் 2x-ஐத் தட்டட்டும். லென்ஸ் உங்கள் கண் உயரத்தில் இருக்கட்டும். நீங்கள் நாற்காலியில் இருந்தால் அவரும் முட்டி போடட்டும். முகம் ஜன்னலைப் பார்க்கட்டும், முதுகு வேண்டாம். அழகூட்டும் ஃபில்டரை அணையுங்கள். முடியைக் காதுக்குப் பின்னே தள்ளுங்கள், தலையை ஆட்டி ஆட்டி நிறுத்துங்கள், இரண்டு காதும் சமமாகத் தெரிகிறதா என்று எடுப்பவரைக் கேளுங்கள். அனுப்பும்போது போட்டோவாக அனுப்பினால் அது அமுக்கிச் சுருக்கிவிடும். டாக்குமென்ட் என்று இருக்கும் இடத்தைத் தட்டி, அங்கிருந்து அனுப்புங்கள்.